தொண்ணூற்றொன்றும் அக்கா புருஷனும்

என் அக்கா புருஷனுக்கு இந்த உலகத்தில் பிடித்தவை இரண்டு. ஒன்று என் அக்கா. இன்னொன்று தொண்ணூற்றொன்று. இதில் எது முதலில் என்று நான் கேட்டதில்லை. பதில் தெரிந்துவிட்டால் அப்புறம் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

மாமா வேலை பார்ப்பது ஒரு பெரிய மளிகைக் கடையில். அதே கடையில்தான் நானும் பில் போடுகிறேன். வாசலில் நுழைந்ததும் ஒரு மேஜை. அதன் மேல் அன்னாசிப்பழ டின்களைக் கோபுரமாக அடுக்கி வைப்பது அவர் வேலை. மிச்ச நேரத்தில் அலமாரிகளைத் துடைப்பார், காலியான தட்டுகளை நிரப்புவார். "டின் அடுக்கறதுக்கு ஒரு ஆளா, அதுக்கு ஒரு சம்பளமா?" என்று வாய்விட்டுக் கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்கள் கையில் முப்பது டின்னைக் கொடுத்து அடுக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் தரையெல்லாம் உருண்டோடும் டின்னைப் பொறுக்கவும் சொல்ல வேண்டும்.

கோபுரம் இப்படித்தான். அடியில் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை, முப்பத்தாறு. நாலு டின்னுக்கு நடுவில் ஒரு டின் உட்காருகிற மாதிரி அதன் மேல் ஐந்துக்கு ஐந்து, இருபத்தைந்து. பிறகு பதினாறு, ஒன்பது, நாலு. உச்சியில் ஒன்று. கூட்டினால் தொண்ணூற்றொன்று.

முதலில் அவருக்கும் இது வெறும் கணக்குதான். ஒருநாள் கோபுரம் சலித்துப்போய், அதே டின்களைத் தெருப்பக்கக் கண்ணாடி ஜன்னலில் முக்கோணமாக அடுக்கிப் பார்த்தார். மேலே ஒன்று, அடுத்தது இரண்டு, அதற்கடுத்து மூன்று. இப்படியே இறங்கி வந்தால் பதின்மூன்றாவது வரிசையில் பதின்மூன்று டின்னோடு கச்சிதமாக முடிந்தது. மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை. அடுத்த வாரம் வட்ட மேஜையில் தேன்கூடு மாதிரி பரப்பினார். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து நான்கு, முப்பது. அதுவும் தொண்ணூற்றொன்றில் வந்து நின்றது. அன்று வீட்டுக்கு ஓடிவந்து, "இது சாதாரண நம்பர் இல்லம்மா" என்றாராம். "சாப்பாடு ஆறிப்போகுது" என்றாராம் அவர் அம்மா.

அன்றிலிருந்து பிடித்தது இந்தப் பைத்தியம். கடைக்குப் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் மாமாவிடமிருந்து தப்ப முடியாது. "தொண்ணூத்தொண்ணு எதாலயாவது வகுபடுமா, சொல்லு" என்று மடக்குவார். வந்த ஆள் இரண்டால் வகுத்துப் பார்ப்பான், மூன்றால் பார்ப்பான், ஐந்தையும் விடமாட்டான். கடைசியில், "எதாலயும் வகுபடாது அண்ணே" என்று கையை விரிப்பான். அப்போது மாமா முகத்தைப் பார்க்க வேண்டும், லாட்டரி விழுந்த முகம். "ஏழால வகுத்துப் பாரு." ஏழு பதின்மூன்று தொண்ணூற்றொன்று. இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட முதல் தடவையே ஏழுக்குப் போனதில்லை. நானும் போகவில்லை. அதை அவர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

கல்யாணத்திலேயே எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பேச்செல்லாம் முடிந்த அன்று, "எப்ப வெச்சுக்கலாம் மாப்ளே?" என்று கேட்டார் அப்பா. "தொண்ணூத்தொரு நாள் கழிச்சு" என்றார் மாமா. அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டுதலா, இல்லை வேறு எங்காவது சிக்கலா என்று கலங்கிப்போனார். மாமா சாவகாசமாக விளக்கினார். "இன்னைக்குப் புதன் மாமா. சரியா பதின்மூணு வாரம். அன்னைக்கும் புதன்தான் வரும். எங்க கடைக்கு லீவு புதன்கிழமைதானே?" காரணம் நியாயமாக இருந்ததால் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

குரூப் போட்டோவில் ஏழு வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று பேர். தொண்ணூற்றிரண்டாவது ஆளாக ஓரத்தில் வந்து நின்ற எங்கள் சித்தப்பாவை மாப்பிள்ளையே இறங்கிவந்து, அன்பாகக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், போட்டோகிராபர் பக்கத்தில் விட்டுவிட்டார். சித்தப்பா இன்றுவரை அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை.

பிறகு முதுகு. கடையின் கீழ்த்தளத்தில் இருக்கிற குடோனில் ஆள் வராத ஒருநாள், மூட்டை தூக்கப் போய் முதுகெலும்பில் வட்டு பிசகிவிட்டது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், "மூணு மாசம் ரெஸ்ட்" என்றார். "எந்த மூணு மாசம் சார்? தொண்ணூறு நாளும் இருக்கு, தொண்ணூத்திரண்டு நாளும் இருக்கு" என்று படுத்தபடியே கேட்டார் மாமா. டாக்டருக்கு அன்று அவர் பதினான்காவது நோயாளி. "உங்களுக்கு எது பிடிக்குதோ அதை வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை படுத்தவர் பதின்மூன்று வாரம் கழித்துச் செவ்வாய்க்கிழமை காலை எழுந்து கடைக்குப் போனார். ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இனி ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கினால் அடுத்த தடவை எழுந்து நடப்பது சந்தேகம்தான். அதை மாமா எண்ணாமல் விட்டாலும் அக்கா தினமும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் புது மேனேஜர் வந்து சேர்ந்தார்.

மனுஷன் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கால்குலேட்டர் இல்லாமல் எதையும் பார்க்கத் தெரியாதவர், அவ்வளவுதான். வந்த மூன்றாம் நாள், ஒரு திங்கட்கிழமை, கோபுரத்தை இரண்டு முறை சுற்றிவந்தார்.

"இதுல வெளிய தெரியறது எத்தனை?"

"அறுபத்தொண்ணு சார்." மாமா யோசிக்கவே இல்லை.

"அப்ப உள்ள?"

"முப்பது சார். அதுவே ஒரு குட்டிக் கோபுரம் சார்! பதினாறு, ஒம்பது, நாலு, ஒண்ணு." மாமா குரலில் அப்படி ஒரு குதூகலம். தன்னைப்போல் ரசிக்கிற ஆள் ஒருவழியாக வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

"யாரு கண்ணுக்கும் தெரியாத முப்பது டின் எதுக்குய்யா அங்க அடைஞ்சு கெடக்குது? அலமாரியில வெச்சா விக்கும்ல?"

"மேலேர்ந்து எடுத்துட்டே வந்தா உள்ள இருக்கறதும் வந்துடும் சார்."

"எவன் மேலேர்ந்து எடுக்கறான்? நீதான் யாரையும் தொடவிடறதில்லையே."

இதில் உண்மை இருந்தது. கோபுரத்தில் கைவைக்கப் போகிறவர்களை மாமா அலமாரிப் பக்கம் திருப்பிவிடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே மேனேஜர் கெட்டி அட்டையில் ஒரு கூடு செய்துகொண்டு வந்தார். நாலு பக்கமும் படிப்படியாக ஏறுகிற, உள்ளே ஒன்றுமில்லாத கூடு. முப்பது டின் இருக்கிற இடத்தில் அது அப்படியே உட்காரும். "வியாழக்கிழமை முதலாளி வர்றாரு. அவரு வர்றப்ப உள்ள இது இருக்கணும். இல்லன்னா வெள்ளிக்கிழமையிலேர்ந்து நீ குடோன்ல மூட்டை இறக்கு" என்று சொல்லிவிட்டு, கூட்டை என் பில் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மாமா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாயங்காலம், முதலாளி வருவதற்காகக் கோபுரத்தைக் கலைத்து, ஒவ்வொரு டின்னாகத் துடைத்து, முழுசாகத் தொண்ணூற்றொன்றையும் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை லீவு. அக்கா வீட்டில் அன்று நடந்தது பேச்சுவார்த்தை இல்லை, சண்டை.

"அட்டையை வெச்சுட்டு தொண்ணூத்தொண்ணுன்னு எப்படிச் சொல்றது?" இதையே திரும்பத் திரும்பச் சொன்னார் மாமா.

"யாரு கேக்கப் போறாங்க?" என்றேன்.

"முதலாளி கேப்பாரு."

கேட்பார்தான். எங்கள் முதலாளிக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்று. எந்தப் பொருளைக் காட்டினாலும், "எத்தனை?" என்பார். சோப்பைப் பார்த்தாலும் எத்தனை, நாற்காலியைப் பார்த்தாலும் எத்தனை. போன வருஷம் இன்னொரு கிளையில் ஒரு பெண், ஷாம்பு பாட்டில் எத்தனை என்று கேட்டதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்க, அவர் நின்று எண்ணிப் பார்த்து, மறுநாளிலிருந்து அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"கேட்டா அறுபத்தொண்ணுன்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள் அக்கா.

"அறுபத்தொண்ணு ஒரு கோபுரமே இல்லடி!"

"உங்க முதுகு உடைஞ்சா அது ஒரு முதுகே இல்லங்க!"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆட்களைக்கூடச் சமாளித்துவிடலாம். மாமா முயலின் காலை எண்ணி, நாலு என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு, அப்புறம் பிடிவாதம் பிடிப்பவர். அவரை அசைக்க ஆண்டவனாலும் ஆகாது. அவர் போய்ப் படுத்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூட்டை தூக்கினா இந்த ஆளு படுத்துடுவாருடி. நாமளே வெச்சுடலாமா? அவரு பண்ணாதானே அவருக்குப் பொய்?"

இதைவிட முட்டாள்தனமான யோசனை அந்த வீட்டில் அதுவரை பிறந்ததில்லை. நான் உடனே சரி என்றேன்.

மேனேஜரிடம் போனில் சொன்னேன். மகிழ்ந்துபோனார். வியாழக்கிழமை கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். நானும் அக்காவும் உள்ளே போய்க் கோபுரத்தை உச்சியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தோம். ஒன்று, நாலு, ஒன்பது. நாலாவது அடுக்கில் வெளி வரிசையை எடுத்ததும் அக்கா நின்றுவிட்டாள்.

"இங்க பாருடி."

உள்ளே இருந்த டின்களும் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலிருந்த அன்னாசிப் படமும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வெளியே தெரிகிறவற்றைத் திருப்பி வைப்பது சரி. யாருமே பார்க்கப் போகாத டின்னுக்கு முகம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? ஐந்தாவது அடுக்கையும் பார்த்தோம், அடித்தளத்தையும் பார்த்தோம். உள்ளே இருந்த எல்லாமே அப்படியே வாசலைப் பார்த்திருந்தன. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் இந்த ஆளைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷமாச்சு, இது எனக்குத் தெரியாதுடி" என்றாள். நான் செய்வது தப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் செய்தேன், ஏனென்றால் நேரம் போய்க்கொண்டிருந்தது, அவருக்கு முதுகு ஒன்றுதான் இருந்தது.

அட்டைக் கூட்டை நடுவில் வைத்துச் சுற்றி அடுக்கினோம். இரண்டு தடவை சரிந்தது. ஒரு டின் என் கால் கட்டைவிரலில் விழுந்தது. மூன்றாவது தடவை நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமான முப்பது டின்னை என் பில் மேஜைக்கு அடியில் தள்ளி, முன்னால் என் பையை வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அன்று காலால் செய்தேன். முட்டியை மடக்க இடமில்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து பில் போட ஆரம்பித்தேன். அக்கா, ஊறுகாய் பாட்டில் வாங்க வந்தவள் மாதிரி ஒரு கூடையை எடுத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள்.

மாமா வந்தார். கோபுரத்தைத் தாண்டி இரண்டடி போனவர் திரும்பினார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மூன்றாவது அடுக்கில் ஒரு டின்னைத் தொடக் கையை நீட்டினார். அதற்குள் வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது. மேனேஜர் ஓடிவந்து மாமாவின் காதில், பக்கத்திலிருந்த எனக்கும் கேட்கிற மாதிரி, "உன் கொழுந்தியா வெச்சுட்டா. புத்திசாலிப் பொண்ணு. நீ வாயைத் தொறந்தா, எனக்கு எதுவுமே தெரியாது, அந்தப் பொண்ணுதான் பண்ணிச்சுன்னு சொல்லிடுவேன்" என்றார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு.

மாமாவின் முதுகைக் காப்பாற்றப் போய் என் கழுத்தை நீட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

முதலாளி உள்ளே வந்தார். கோபுரத்தின் முன்னால் நின்றார்.

"எத்தனை?"

எத்தனையோ தடவை அவர் கேட்டு, எத்தனையோ தடவை மாமா நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்ன கேள்வி. அன்று மாமா வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் கூரையைப் பார்த்தார். அக்கா ஊறுகாய் பாட்டிலில் ஒட்டியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள், தலைகீழாக.

"எத்தனைன்னு கேட்டேன்."

மாமா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். குழந்தை எதையோ உடைத்துவிட்டு நிற்கும்போது பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

"தொண்ணூத்தொண்ணுங்க."

"உள்ள இருக்கறதையும் சேர்த்தா?"

ஷாம்பு பாட்டிலை நின்று எண்ணிய மனுஷன் அல்லவா? மாமாவின் நெற்றியில் வேர்வை கோடு போட்டு இறங்கியது.

"சேர்த்துதாங்க."

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு முதலாளி சோப்புப் பக்கம் போனார். அங்கிருந்து, "எத்தனை?" என்ற குரல் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. மாமா வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது, அதுவும் எனக்காக. அதை நினைத்ததும் வந்த உயிர் பாதி போய்விட்டது.

மத்தியானம் முதலாளியும் மேனேஜரும் மாடியில் சாப்பிடப் போனார்கள். மாமா நேராகக் கோபுரத்திடம் வந்து, உச்சியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர்கள் வழிவிட்டு நின்றார்கள். அடியிலிருந்த அட்டைக் கூட்டை வெளியே எடுத்து, மிதித்துத் தட்டையாக்கி, என் மேஜைக்கு அடியில் தள்ளினார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

நான் குனிந்து ஒரு டின்னை எடுத்துக் கொடுத்தேன். துடைத்தார், முகத்தை வாசல் பக்கம் திருப்பினார், வைத்தார். "ஒண்ணு." அடுத்ததை அக்கா எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டு." என் மேஜைக்கு முன்னால் நின்ற வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரு அம்மா, "பில் போடறதா இல்லையா?" என்று சத்தம்போட்டார்.

"மாமா, மன்னிச்சுக்குங்க. நான்—"

"பேசாத. பதினேழு."

அடுத்ததைக் கொடுத்தேன். அக்கா மூக்கை உறிஞ்சினாள். "உங்க முதுகுக்காகத்தாங்க பண்ணினோம்" என்றாள். மாமா அவளைப் பார்த்தார். கொஞ்சம் இளகியது மாதிரி இருந்தது, ஆனால் எண்ணிக்கை நிற்கவில்லை. முப்பதாவது டின் உட்கார்ந்த பிறகு, வெளி அடுக்குகளையும் சுற்றி முடித்து, உச்சி டின்னை வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"முதலாளிகிட்ட நான் சொன்னது பொய்யாவே கெடக்கக் கூடாது. இப்ப போய் எண்ணிப் பாக்கச் சொல்லு."

முதலாளியை வழியனுப்பிவிட்டு மேனேஜர் வாசலிலிருந்து திரும்பி வந்தார். மனுஷனுக்கு அன்று ஒரே குஷி. கோபுரத்தின் முன்னால் நின்று, மாமாவின் தோளில் கைபோட்டார்.

"பாத்தியா? முதலாளிக்கே தெரியல. என்ன வித்தியாசம்?"

"வெளியிலேர்ந்து பாத்தா வித்தியாசமே இல்ல சார்."

"இனிமே யாரு வந்து கேட்டாலும் எத்தனைன்னு சொல்லுவ?"

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "தொண்ணூத்தொண்ணு சார். உள்ள இருக்கறதையும் சேர்த்து."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, மாமாவின் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

"அப்படிச் சொல்லு! இத்தனை நாள் கழிச்சு இப்பதான்யா நீ பொழைக்கக் கத்துக்கிட்டிருக்க!"